எக்ஸ்-ஒய் கோட்டைக் கொடுத்த மனுஷன்: காஸ்பர் மோன்ஜ்

முதல் வருஷம் எஞ்சினியரிங் கிராபிக்ஸ் வகுப்பில் நீங்கள் போட்ட முதல் கோடு எதுன்னு யோசிச்சுப் பாருங்க. பார்டரையும் டைட்டில் பிளாக்கையும் விட்டுடுங்க. அதற்கப்புறம் ஷீட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டு, இந்த முனையில் எக்ஸ், அந்த முனையில் ஒய் என்று எழுதியிருப்பீர்கள். கோட்டுக்கு மேலே ஃப்ரண்ட் வியூ, கீழே டாப் வியூ. டாப் வியூ ஏன் சார் கீழே போகுதுன்னு யாராவது கேட்டிருந்தால், ஃபர்ஸ்ட் ஆங்கிள் அப்படித்தான் என்று பதில் வந்திருக்கும். பாதிப் பேர் அதை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு அது அரியர்.

அதற்கப்புறம் கேட் லேப் வந்துவிடுகிறது. ஸ்கெட்ச் போடு, எக்ஸ்ட்ரூட் பண்ணு, துளை போடு, ஃபில்லட் கொடு, மாடல் ரெடி. டிராயிங் டெம்ப்ளேட்டில் இழுத்துப் போட்டால் மூன்று வியூவும் தானாக வந்து உட்காருகிறது. உடனே எல்லாருக்கும் ஒரே கேள்வி: சாஃப்ட்வேரே எல்லாம் செய்யுதே, அப்புறம் எதுக்கு மினி டிராஃப்டரைக் கட்டிக்கிட்டு ஒரு செமஸ்டர் முழுக்க அழுதோம்?

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த எக்ஸ்-ஒய் கோட்டை நமக்குக் கொடுத்தவர். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1818-லேயே இறந்துபோனவர். பெயர் காஸ்பர் மோன்ஜ்.

1746 மே மாதம், பிரான்ஸில் பர்கண்டி பகுதியில் போன் என்கிற சின்ன ஊரில் பிறந்தார். (ஊர் பேரே அதுதான், சிரிக்காதீங்க.) அப்பா ஜாக் மோன்ஜ் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிற வியாபாரி. பணம், பரம்பரை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்று நின்றார். உள்ளூரில் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் பையன் நன்றாகப் படித்தான். 14 வயதில் தீயணைக்கும் பம்பு ஒன்றைத் தானே செய்தான் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 16 வயதில் மேல்படிப்புக்கு லியோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சேர்ந்து ஒரு வருஷம் போல ஆனதும் அவனையே பௌதிக வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உங்களில் பலர் பிளஸ் டூ எழுதிய வயசு அது.

1764-ல் ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. போன் நகரத்தின் வரைபடம் ஒன்றைப் பெரிய அளவில் வரைய ஆரம்பித்தார். அளக்கும் கருவிகள் கையில் இல்லை. அதனால் கருவிகளையும் அவரே செய்துகொண்டார். அந்த வரைபடம் ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் கண்ணில் பட்டது. இந்தப் பையன் மெசியேரில் இருக்க வேண்டியவன் என்று அவர் முடிவு செய்தார்.

மெசியேர் என்பது அன்றைய பிரான்ஸின் ராணுவப் பொறியியல் பள்ளி இருந்த ஊர். கோட்டை கட்டுவது, கோட்டையைக் காப்பது, கோட்டையைப் பிடிப்பது எல்லாம் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே ஒரு சிக்கல். அதிகாரி மாணவனாகச் சேர வேண்டுமென்றால் பிரபு குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். தெருவில் சரக்கு விற்றவர் மகனுக்கு அந்தக் கதவு கிடையாது. பள்ளியோடு ஒட்டி இன்னொரு பிரிவு இருந்தது. படம் வரைகிறவர்களும் கல் வெட்டும் மேஸ்திரிகளும் பயிற்சி பெறும் பட்டறை அது. அங்கே மோன்ஜைப் போட்டார்கள். கோட்டைப் படங்களைச் சுத்தமாக நகல் எடுப்பது, வளைவுகளுக்கும் கமான்களுக்கும் பிளாஸ்டரில் மாதிரி செய்வது, இதுதான் வேலை. அந்தப் பிரிவுக்கு அதிகாரி மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயரே பிளாஸ்டர் கலக்குகிற வேலையைக் குறிப்பதுதான்.

மோன்ஜின் கை சுத்தம் எல்லாருக்கும் பிடித்தது. பாராட்டினார்கள். அவருக்கு அந்தப் பாராட்டுதான் எரிச்சலாக இருந்தது. கையை மட்டும் பார்க்கிறார்கள், தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. டிராயிங் போடுகிறவன் ஒரு படி கீழே, டிசைன் பண்ணுகிறவன் ஒரு படி மேலே என்ற எண்ணம் இன்றைக்கும் பல ஆபீஸ்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது எண்ணமாக இல்லை, எழுதி வைத்த விதியாகவே இருந்தது.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வாய்ப்பு வந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழுக் கதையும் இங்கேதான் திரும்புகிறது.

ஒரு கோட்டை கட்டப் போகிறீர்கள். சுற்றிலும் மேடு பள்ளமான நிலம். எதிரி எந்த மேட்டில் பீரங்கியை நிறுத்தினாலும் கோட்டைக்குள் நிற்கும் சிப்பாய் மேல் நேராகக் குண்டு படக்கூடாது. அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? ரொம்ப உயரமாகக் கட்டினால் செலவு எகிறும். தாழ்வாகக் கட்டினால் ஆள் போவான். அன்று இதற்கு இருந்த வழி கணக்குதான். நிலத்தில் ஒவ்வொரு முக்கியப் புள்ளியின் உயரத்தையும் தூரத்தையும் அளந்து, ஒவ்வொரு பார்வைக் கோட்டுக்கும் தனித்தனியாகக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வர வேண்டும். கால்குலேட்டர் இல்லை, எல்லாம் காகிதமும் மைக்கூடும்தான். மாணவர்களுக்கு நாள்கணக்கில் பிடிக்கும் வேலை.

அந்த வேலையை மோன்ஜிடம் கொடுத்தார்கள். அவர் எண்களைக் கையில் எடுக்கவே இல்லை. கோட்டைக்குள் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேல் ஒரு தளத்தைச் சுழற்றினார். சுற்றியிருக்கும் மேடுகளின் உச்சியைத் தொட்டுக்கொண்டு அது எங்கே நிற்கிறதோ, அந்தத் தளம் வரைக்கும் சுவரை எழுப்பினால் போதும். அந்தத் தளத்துக்கு மேலே எதிரிக்கு நிலமே கிடையாது. இதையெல்லாம் காகிதத்தில் வரைந்தே முடித்தார்.

சீக்கிரம் முடித்ததுதான் அவர் செய்த குற்றம்! பொறுப்பில் இருந்த அதிகாரி அந்தத் தீர்வைப் பார்க்கவே மறுத்துவிட்டார். இவ்வளவு நேரத்துக்குள் கணக்குப் போட்டிருக்கவே முடியாது, ஏதோ குத்துமதிப்பாக வரைந்து கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தார். மோன்ஜ் விடவில்லை. தான் கணக்கே போடவில்லை, வேறு வழியில் வந்தேன், அந்த வழியையாவது சோதித்துப் பாருங்கள் என்று நின்றார். சோதித்தார்கள். சரியாக இருந்தது. அதன்பின் அந்தப் பையனைப் பட்டறையிலிருந்து எடுத்து, அதிகாரி மாணவர்களுக்கே பாடம் சொல்லித்தரும் உதவியாளராக்கினார்கள். அப்போது அவருக்கு 20 வயதுதான்.

ஆனால் கூடவே ஒரு பூட்டும் போட்டார்கள். இந்த முறை ராணுவ ரகசியம். பள்ளிக்குள்ளே சொல்லிக்கொடுக்கலாம், வெளியே பேசக்கூடாது, எழுதக்கூடாது, அச்சிடவே கூடாது. ஏறக்குறைய 30 வருஷம் அந்தப் பூட்டு அப்படியே கிடந்தது. நாம் தலையெழுத்தே என்று படிக்கிற பேப்பர் ஒரு காலத்தில் பீரங்கியைப் போலக் காவல் காக்கப்பட்டது என்றால் நம்ப முடிகிறதா?

அந்த முறை என்ன என்பதை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பாருங்கள். தரை ஒரு தளம், அதுதான் நம் ஹெச்.பி. அதற்குச் செங்குத்தாக நிற்கும் சுவர் இன்னொரு தளம், அது வி.பி. இரண்டும் சந்திக்கிற கோடுதான் எக்ஸ்-ஒய். நடுவில் மிதக்கிற ஒரு பொருளிலிருந்து தரைக்கு நேராகக் கோடுகளை இறக்கினால் ஒரு நிழல் படம் கிடைக்கும். சுவருக்கு நேராகக் கோடுகளை அனுப்பினால் இன்னொன்று. தரைப் படத்தில் நீளமும் அகலமும் இருக்கும், உயரம் இருக்காது. சுவர்ப் படத்தில் நீளமும் உயரமும் இருக்கும், அகலம் இருக்காது. இரண்டையும் சேர்த்தால் எதுவும் விட்டுப்போகாது. இப்போது சுவரை அந்தக் கோட்டை ஒட்டி மடக்கித் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். இரண்டு படமும் ஒரே காகிதத்தில் வந்துவிட்டன. பொருள் சுவருக்கு முன்னால், தரைக்கு மேலே இருந்ததால் சுவர்ப் படம் கோட்டுக்கு மேலேயும் தரைப் படம் கோட்டுக்குக் கீழேயும் வருகிறது. டாப் வியூ ஏன் கீழே போகுது என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இதெல்லாம் மோன்ஜ் ஆகாயத்திலிருந்து பிடித்ததில்லை. கல் வெட்டும் மேஸ்திரிகளும் தச்சர்களும் பல நூற்றாண்டாக இப்படித் தரையில் கோடு போட்டு வேலை பார்த்தவர்கள்தான். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525-லேயே மேல்தோற்றமும் முன்தோற்றமும் வைத்து வரைந்து காட்டியிருக்கிறார். ஃப்ரெசியே என்ற பொறியாளர் மோன்ஜ் பிறப்பதற்குச் சில வருஷம் முன்பே கல் வெட்டும் கலை பற்றிப் பெரிய நூல் எழுதிவிட்டார். ஆனால் கமானுக்கு ஒரு விதி, மாடிப்படிக்கு ஒரு விதி, கூரைக்கு ஒரு விதி என்று ஒவ்வொரு தொழிலும் தன் சூத்திரத்தைத் தனியாக வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வடிவியல்தான் என்று காட்டி, எந்தப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே முறையாக்கியதுதான் மோன்ஜின் வேலை. என்னைக் கேட்டால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இது கஷ்டம்.

1769-ல், 22 வயதில், மெசியேரில் கணிதப் பேராசிரியர் ஆனார். கொஞ்ச நாளில் பௌதிகமும் சேர்ந்துகொண்டது. நல்ல வாத்தியார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். படம் போடாமலே இரண்டு கைகளையும் காற்றில் அசைத்து ஒரு பரப்பை இன்னொரு பரப்பு வெட்டுவதைக் காட்டிவிடுவாராம். பார்க்கிறவனுக்கு அந்த வளைவு கண் முன்னால் தெரியுமாம். அவரிடம் அங்கே படித்தவர்களில் ஒருவர் லசார் கார்னோ. தெர்மோடைனமிக்ஸில் வரும் கார்னோ சைக்கிள் இவருடைய மகன் சாடி கார்னோவின் பெயரில் இருப்பது.

1777-ல் கேத்தரின் என்ற இளம் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசியதைக் கேட்டு, முகம்கூடப் பார்த்திராத பெண்ணுக்காக மோன்ஜ் அவனிடம் சண்டைக்குப் போனார் என்று ஒரு கதை உண்டு, சினிமா மாதிரியே. கேத்தரினுக்கு ஒரு இரும்பு உலைப் பட்டறை இருந்தது. கணக்கு வாத்தியார் அப்படித்தான் இரும்பு உருக்குவதையும் வார்ப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னால் அது நாட்டுக்கே உதவியது.

சிவில் நண்பர்களுக்கு ஒரு தகவல். 1781-ல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று, மண்ணை வெட்டி எடுத்து வேறு இடத்தில் நிரப்புவது பற்றியது. எந்தக் குவியலை எந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோனால் மொத்தச் சுமை கூலி குறையும்? கட்டிங் அண்டு ஃபில்லிங்தான், வேறொன்றுமில்லை. அந்தக் கேள்வியை 20-ஆம் நூற்றாண்டில் ரஷ்யக் கணித அறிஞர் கான்டரோவிச் திரும்பக் கையில் எடுத்தார். இன்றைக்கு மெஷின் லேர்னிங் படிக்கிறவர்கள் ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட் என்று படிப்பது அதன் வாரிசுதான்.

அதற்குள் பாரிஸ் அறிவியல் அகாதெமியில் இடம் கிடைத்திருந்தது. 1783-ல் கடற்படை மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் பொறுப்பும் வந்தது. பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காக மார்க் போட மாட்டார், சிபாரிசுக்கு மசிய மாட்டார் என்று பெயர் வாங்கியிருந்தார். பிறப்பைக் காரணம் காட்டி ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர் அல்லவா?

1789-ல் புரட்சி வெடித்தபோது மோன்ஜ் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 1792 ஆகஸ்டில் அவரைக் கடற்படை அமைச்சராக்கினார்கள். அது சரிப்படவில்லை. படம் போடுவது வேறு, அமைச்சகம் நடத்துவது வேறு. எட்டு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். ஆனால் அந்த எட்டு மாதத்துக்குள்தான் மன்னர் 16-ஆம் லூயிக்கு மரண தண்டனை நிறைவேறியது. நிர்வாகக் குழு உறுப்பினர் என்ற முறையில் அந்த உத்தரவில் மோன்ஜின் கையெழுத்தும் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்தது போர். சுற்றிலும் எல்லா நாட்டுப் படைகளும், உள்ளே துப்பாக்கி இல்லை, பீரங்கி இல்லை, வெடிமருந்து இல்லை. விஞ்ஞானிகளைக் கூப்பிட்டார்கள். மோன்ஜ் பட்டறை பட்டறையாக அலைந்தார். பீரங்கி வார்ப்பது எப்படி என்று 1794-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் உயிரே கூடவே வந்த படங்கள்தான். அதுவரை மணி வார்த்துக்கொண்டிருந்த ஆட்களைக்கூடப் பீரங்கி வார்க்க வைக்க வேண்டிய நேரம் அது. சொல்லி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. படத்தைப் பார்த்துச் செய் என்றுதான் சொல்ல முடியும், படம் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிந்தால் மட்டும்.

அந்தப் போர்க்காலத்தில்தான் பழைய பூட்டு உடைந்தது. 1795 ஜனவரியில் பாரிஸில் எகோல் நார்மால் என்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நாடெங்குமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். லாக்ரான்ஜும் லாப்லாஸும் கணிதம் நடத்திய அதே மேடையில், மோன்ஜ் முதல் முறையாகத் தன் ரகசியத்தை ஊரறியச் சொன்னார். சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக்கொண்டார்கள், உடனே அச்சில் வந்தது. 1799-ல் அது விவரிப்பு வடிவியல் என்று புத்தகமாகவும் வெளியானது.

ஏன் இதை எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பதற்கு மோன்ஜ் வைத்திருந்த காரணத்தைப் பாருங்கள். பிரான்ஸ் தொழில் வெளிநாட்டை நம்பியிருக்கிறது, அதிலிருந்து வெளியே வர வேண்டும். அதற்கு ஒரு பொது மொழி வேண்டும். பொருளை மனசில் நினைக்கிறவனுக்கும், வேலையை மேற்பார்க்கிறவனுக்கும், கையில் உளியோ அரமோ பிடித்துச் செய்கிறவனுக்கும் ஒரே மொழி. மூன்று பேரில் கடைசி ஆளையும் சேர்த்தாரே, அதுதான் அன்றைக்குப் புதுசு. பட்டறையில் பிளாஸ்டர் கலக்கியவருக்குத்தான் அது தோன்றும்.

இன்னொரு விஷயமும் சொன்னார். இந்த வரைதல் ஏற்கெனவே தெரிந்த உருவத்தைக் காட்ட மட்டும் இல்லை. தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கவும்தான். ஒரு கோட்டின் ட்ரூ லெங்த் கண்டுபிடித்தது ஞாபகம் இருக்கா? இரண்டு வியூவிலும் அந்த நீளம் எங்கேயும் கிடையாது. கோட்டைச் சுழற்றி வி.பி.க்கு இணையாக நிறுத்தியதும் வெளியே வருகிறது. ஒரு குழாய் இன்னொரு குழாயைச் சாய்வாக ஊடுருவினால் வரும் வளைவும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து வெட்டும் தளங்களை வரிசையாக நிறுத்து. ஒவ்வொரு தளத்திலும் இரண்டு எளிய கோடுகள் கிடைக்கும். அவை சந்திக்கும் புள்ளிகளை இணை. எந்தத் தளத்தை நிறுத்தினால் வேலை சுலபமாகும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் மூளை இருக்கிறது.

இப்போது கேட் லேப்புக்கு வாங்க. 1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமை எழுதினார். திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். அதே வருஷம் அங்கேயே திமோதி ஜான்சன் அதை முப்பரிமாணத்துக்கு நீட்டினார். அவர் திரையை நான்காகப் பிரித்தார். மூன்று கட்டத்தில் டாப், ஃப்ரண்ட், சைடு வியூ, நாலாவதில் பெர்ஸ்பெக்டிவ். அதாவது கம்ப்யூட்டர் முப்பரிமாணம் வரையக் கற்றுக்கொண்டபோது முதலில் பிடித்ததே மோன்ஜின் கையைத்தான்.

ஃபில்லட் கமாண்ட் கொடுத்தால் சில நேரம் எர்ரர் அடிக்குமே, பார்த்திருப்பீர்கள். ரேடியஸைக் குறைத்துக் குறைத்துப் போட்டு, எப்படியோ ஏறினதும் அப்பாடா என்று விட்டுவிடுவோம். உள்ளே நடப்பது என்ன? ஒரு பந்தை இரண்டு பரப்புகளையும் தொட்டபடி உருட்டிக்கொண்டு போனால் அது விட்டுச்செல்லும் உறைதான் ஃபில்லட். ஒரே அளவுப் பந்து ஒரு வளைவின் வழியே நகரும்போது உருவாகும் இந்தக் குழாய்ப் பரப்புகளை மோன்ஜ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு பரப்பு எந்தத் திசையில் அதிகம் வளைகிறது, எதில் குறைவாக வளைகிறது, அந்தத் திசைகளைப் பிடித்துக்கொண்டே போனால் கிடைக்கும் கோடுகள் எப்படி இருக்கும் என்பதும் அவருடையதுதான். உள்பக்கமாக வளைந்த இடத்தின் வளைவு ஆரத்தைவிடப் பந்து பெரியதானால் பந்து அதற்குள் இறங்காது. எர்ரர் வர இது ஒரு முக்கியக் காரணம். இது தெரிந்தவன் எங்கே மாற்ற வேண்டும் என்று நேராக அங்கே போவான். தெரியாதவன் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பான். இரண்டு பேர் ரெஸ்யூமேயிலும் ஒரே சாஃப்ட்வேர் பெயர்தான் இருக்கும்.

இன்னொன்று, இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் கவனியுங்க. சாஃப்ட்வேர் வியூக்களைத் தானாக அடுக்குகிறது, சரி. ஆனால் டெம்ப்ளேட் அமெரிக்க முறையில் இருந்தால் தேர்டு ஆங்கிளில் அடுக்கும். நம் நாட்டுத் தர விதி ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஒன்றில் வலப்பக்கத் தோற்றம் வலது பக்கம் உட்காரும், மற்றதில் இடது பக்கம் உட்காரும். டைட்டில் பிளாக்கில் வெட்டுக்கூம்பு ஒன்று சின்னதாக வரைந்திருக்குமே, அந்தக் குறியைப் பார்க்காமல் படித்தால் இடது கைப் பிராக்கெட்டு வலது கைப் பிராக்கெட்டாக மெஷினிலிருந்து இறங்கும். சாஃப்ட்வேர் எந்த எர்ரரும் காட்டாது, ஏனென்றால் அதன் கணக்கில் தப்பே இல்லை. எந்த முகத்தை ஃப்ரண்ட் என்று வைப்பது, எங்கே வெட்டிக் காட்டினால் உள்ளே இருக்கும் துளை ஃபிட்டருக்குப் புரியும், எந்த முகத்திலிருந்து அளவு எடுப்பது, இதெல்லாம் இன்னும் மனுஷன் தலையில்தான் நடக்கிறது. மினி டிராஃப்டரோடு அழுத செமஸ்டர் அந்தத் தலைக்குத்தான். அதற்குக் கண்டிப்பாக மினி டிராஃப்டர்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும். ஆனால் பென்சிலே பிடிக்காமல் நேராக எக்ஸ்ட்ரூடுக்குப் போகிற பாடத்திட்டம் வந்தால் எனக்குப் பயம்தான்.

மோன்ஜ் கதைக்குத் திரும்புவோம். 1794 கடைசியில் பாரிஸில் ஒரு புதிய பொறியியல் பள்ளி திறந்தது. அடுத்த வருஷம் அதற்கு எகோல் பாலிடெக்னிக் என்று பெயர் வைத்தார்கள். அதை உருவாக்கியவர்களில் மோன்ஜ் முக்கியமானவர். பிறப்புச் சான்று கேட்கவில்லை, நுழைவுத் தேர்வு மட்டும்தான். முதல் வருஷம் சுமார் 400 மாணவர்கள். பாடத்திட்டத்தில் வரைதலுக்கு மிகப் பெரிய பங்கு. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் வரைகூடத்துக்குப் போவார்கள், மோன்ஜும் கூடவே போய் மேஜை மேஜையாக நிற்பார். உங்கள் பாடப்புத்தகத்தில் மிதக்கும் பாய்சான், நேவியர், கோஷி, கொரியோலிஸ், சாடி கார்னோ எல்லாரும் அந்தப் பள்ளியில் படித்து வந்தவர்கள்தான். அங்கிருந்து போன குளோத் குரோசே என்பவர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட்டில் மோன்ஜின் வடிவியலைக் கற்பித்து, 1821-ல் ஆங்கிலத்தில் பாடப்புத்தகமும் போட்டார்.

நடுவில் நெப்போலியன் வந்தார். இத்தாலியில் பழக்கமான இருவரும் கடைசி வரை நண்பர்கள். 1798-ல் மோன்ஜை எகிப்துக்குக் கூட்டிப்போனார். கெய்ரோவில் அமைத்த அறிவியல் நிறுவனத்துக்கு மோன்ஜ் தலைவர், நெப்போலியன் துணைத்தலைவர். பாலைவனத்தில் சிப்பாய்கள் தண்ணீர் தண்ணீர் என்று ஓடி ஏமாந்ததைப் பார்த்துக் கானல் நீர் ஏன் தெரிகிறது என்று எழுதினார். திரும்பி வந்ததும் செனட்டர் பதவி, பிறகு பிரபுப் பட்டம். பிரபு குடும்பம் இல்லை என்று பட்டறையில் உட்கார வைக்கப்பட்டவர், 1808-ல் தானே பிரபு ஆனார். பிறப்பால் வந்த பட்டங்களை எதிர்த்தவர் இதை வாங்கியிருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் மாணவர்கள் விஷயத்தில் அவர் மாறவில்லை. நெப்போலியன் பேரரசராக முடி சூட்டிக்கொண்டபோது பாலிடெக்னிக் மாணவர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மோன்ஜ் பேரரசரிடமே போய் அவர்களுக்காகப் பேசினார். இவர்களைக் குடியரசுவாதிகளாக்கவே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, நீங்கள் திடீரென்று திரும்பிவிட்டீர்கள், அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்ற பொருளில் சொன்னதாகக் கதை. பிறகு பள்ளியில் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தபோது, பணம் கட்ட முடியாத மாணவர்களுக்காகத் தன் பேராசிரியர் ஊதியத்தை விட்டுக்கொடுத்தார். 1809 வாக்கில் உடம்பு ஒத்துழைக்காமல் வகுப்பை நிறுத்தினார். கோடு போட்ட கைகளே முதலில் மடங்கிப்போயின, மூட்டுவலி.

1815-ல் நெப்போலியன் விழுந்தார், மன்னராட்சி திரும்பி வந்தது. வந்தவர் 16-ஆம் லூயியின் தம்பி. அந்தப் பழைய கையெழுத்து மறக்கப்படவில்லை. 1816-ல் மோன்ஜின் பெயரையும் லசார் கார்னோவின் பெயரையும் அகாதெமியிலிருந்து அடித்துவிட்டார்கள். வாத்தியார், மாணவன் இருவரையும் ஒரே உத்தரவில். அந்த ஏப்ரலில் பாலிடெக்னிக்கையே மூடி, மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு வேறு ஒழுங்கில் திறந்தார்கள் என்றாலும், மோன்ஜுக்கு அதற்குப்பின் எதிலும் மனம் ஒட்டவில்லை. பக்கவாதத்தில் விழுந்து, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்து, 1818 ஜூலை 28 அன்று பாரிஸில் இறந்தார்.

பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார்கள். அரசாங்கம் மறுத்துவிட்டது. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தால் பள்ளிக்குத்தான் மறுபடியும் ஆபத்து. அவர்கள் அடுத்த விடுமுறை நாள் வரை காத்திருந்தார்கள். அன்றைக்கு வரிசையாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோய், வாத்தியார் புதைக்கப்பட்ட இடத்தில் மலர் வளையம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.